காத்தலும் கொடுத்தலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மலாக்கா நகரின் கம்போங் பாலி என்னும் பகுதியில் ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்தார். பெரியாச்சி என்பது அவர் பெயர். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் அவரிடம் பயின்றனர். சிலர் திருக்குர்ஆன் ஓதினர். சிலர் எழுதக் கற்றனர். சிலர் மலாய்மொழி கற்றனர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா அந்த மூதாட்டியின் பேரர். 1796இல் பிறந்த அப்துல்லா, இளமையில் இரண்டரை ஆண்டுக் காலம் தமிழும் பயின்றார். அந்நாளைய மலாக்காவில் கணக்கு வழக்குக்குத் தமிழறிவு தேவைப்பட்டமையால், வசதியுள்ளோர் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்க அனுப்பினர். 1849இல் அச்சேறிய ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்னும் தம் தன்வரலாற்று நூலில் அப்துல்லாவே இச்செய்திகளைக் குறித்துவைத்துள்ளார்.

பெரியாச்சி என்னும் பெயர் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அறியப்படுவதற்குக் காரணம் யாது? அவர் சேர்த்துவைத்த பொருளா? மாளிகையா? அவர் பிறர்க்குக் கொடுத்த கல்வியே காரணம். கொடுத்தது பேரனின் எழுத்தில் நின்றது. பேரனின் எழுத்து அச்சில் நின்றது.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. அறிவுச் செல்வத்தைப் பொறுத்தவரை, காப்பது அறமா? கொடுப்பது அறமா? எளிய வினாபோல் இது தோன்றலாம். ஆயினும், நல்ல நூல் ஒன்றைத் தன் வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், நூலக அலமாரியின் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது நாள்தோறும் விடை சொல்ல வேண்டிய வினாவாகும். கொடுத்தால் நூல் திரும்பி வாராது என்று அஞ்சுபவர் பூட்டிவைக்கிறார். பூட்டிவைத்தால் நூல் யாருக்கும் பயன்படாது என்று கருதுபவர் கொடுத்துவிடுகிறார். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

ஒப்புரவாளனின் செல்வத்திற்கு வள்ளுவர் ஊருணியை உவமை கூறினார். ஊருணிக்குக் கரையும் வேண்டும், படித்துறையும் வேண்டும். கரை இல்லையேல் நீர் தங்காது. படித்துறை இல்லையேல் இறங்கி மொள்ளுவார் இல்லாமல் நீர் பாசி படர்ந்து கெடும். பொது நூலகம் என்பது ஓர் ஊரின் அறிவு ஊருணி. அதற்குக் கரை எது, படித்துறை எது என்று அறிய, ஒரு பட்டினத்தின் நூலக வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நன்று. அது யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு.

மலேசியத் தமிழர்க்கு யாழ்ப்பாணம் அயலூர் அன்று. இந்நாட்டின் இரயில்வேத் துறையிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிய வந்தோருள் பலர் அவ்வூரினர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்திய தனிநாயக அடிகளும் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்தவரே. ஆகவே, அந்நூலகத்தின் கதை இந்நாட்டுத் தமிழ் மாணவர்க்கும் உறவின் கதையாகும்.

ஒருவர் வீட்டில் தோன்றிய நூலகம்

சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில் யாழ்ப்பாணம் ஒரு சிறு பட்டினமே. பள்ளிகள் மிகுந்த ஊர். படிப்பார்வம் மிகுந்த மக்கள். ஆயினும், ஏழை, செல்வர் என்னும் வேறுபாடின்றி எவரும் உரிமையோடு நுழைந்து படிக்கத்தக்க பொது நூலகம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் ஒரு தனிமனிதர் உள்ளத்தில் எழுந்தது. அவர் நீதிமன்றத்தில் பணியாற்றிய க. மு. செல்லப்பா. 1933இல், தம்மிடம் இருந்த நூல்களைத் தம் வீட்டிலேயே வைத்துப் பிறர்க்குப் படிக்கக் கொடுத்தார். பின்னர், இலவசத் தமிழ் நூலகம் ஒன்று அமைக்க வேண்டும் என்று ஊராருக்கு வேண்டுகோள் விடுத்தார்.

செல்லப்பா பெருஞ்செல்வர் அல்லர், மன்னரும் அல்லர். தம் நூல்களைத் தமக்கென வைத்துக்கொண்டிருந்தால் அவரை யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்துவைத்ததே அவர் செய்த செயல். அக்கதவின் வழியே ஓர் ஊரே உள்ளே வந்தது. குழு அமைந்தது, நன்கொடை திரண்டது. 1934 ஆகஸ்டு 1ஆம் நாள், ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 நூல்களுடனும் ஏறத்தாழ முப்பது நாளிதழ், பருவ இதழ்களுடனும் நூலகம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் நகரசபை அதன் பொறுப்பை ஏற்றது. நூல்கள் பெருகின, அறை போதவில்லை, நூலகம் வேறிடம் பெயர்ந்தது.

ஐம்பதுகளில், நிலையான கட்டடம் ஒன்று எழுப்பும் முயற்சி தொடங்கியது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபர் லோங் அடிகளார் அம்முயற்சியில் முன்னின்றார். களியாட்ட விழாக்கள் நடத்தியும் பரிசுச்சீட்டுகள் விற்றும் ஊரார் பணம் திரட்டினர். இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கலைமரபு தோன்ற வரைபடம் அமைத்தார். 1954 மார்ச்சு 29ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1959 அக்டோபர் 11ஆம் நாள், அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

இவ்வரலாற்றில் மாணவர் உற்றுநோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்நூலகம் அரசாணையால் தோன்றவில்லை, கொடையால் தோன்றியது. நீதிமன்ற ஊழியர் நூலைக் கொடுத்தார். அயர்லாந்துத் துறவி உழைப்பைக் கொடுத்தார். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பரிசுச்சீட்டுக்கு ஆளுக்கொரு சிறுதொகை கொடுத்தனர். கொடுத்தவர் எவரும் அதைத் தம் நூலகம் என்று உரிமை கொண்டாடவில்லை. எவருக்கும் தனியே உரிமையில்லாமையால் அது எல்லார்க்கும் உரியதாயிற்று.

தீயும் எஞ்சியதும்

1981இல் அந்நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. பனையோலைச் சுவடிகளும் பழைய செய்தித்தாள் தொகுப்புகளும் இருந்தன. கலைஞானி ஆனந்த குமாரசாமியின் நூல்தொகுதியும் இருந்தது. அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. அதற்கு முன்னைய நாள்களில், மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும், காவல்துறையினரும் அவர்களோடு சேர்ந்தோரும் நகரில் வன்செயல்களில் இறங்கினர். கடைகளும், ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும், பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிக்கப்பட்டன. பொது நூலகமும் எரிக்கப்பட்டது. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியால் உயிர்நீத்தார். நூல் எரிவதைக் கண்டு ஓர் அறிஞரின் நெஞ்சு நின்றது என்னும் செய்தி, நூலுக்கும் மனிதர்க்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை உணர்த்தும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. காப்பதில் குறையிருந்ததால் நூல்கள் அழிந்தன என்று எவரேனும் கூறின், அது அநீதியாகும். எரித்த குற்றம் எரித்தவர்களுடையது. வீட்டில் திருடு போனதற்கு வீட்டுக்காரரைத் தண்டிக்கும் நீதி எந்நாட்டிலும் இல்லை. குற்றத்தைக் குற்றம் என்று பெயர் சொல்லி அழைத்த பின்னரே, அதிலிருந்து கற்கும் பாடத்தைப் பற்றிப் பேசும் உரிமை ஒருவர்க்கு வரும்.

பாடம் என்ன? தீ எதனை அழித்தது, எதனை அழிக்க இயலவில்லை என்று பகுத்துப் பார்த்தால் அது விளங்கும். ‘யாழ்ப்பாண வைபவமாலை’ என்னும் வரலாற்று நூலை எடுத்துக்கொள்வோர், அது ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றியது என்பதை அறிவர். அந்நூலின் சுவடியும் தீயில் போயிற்று என்பர். ஆனால் நூல் போகவில்லை. சி. பிரிட்டோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1879இல் கொழும்பில் வெளியிட்டிருந்தார். குல. சபாநாதன் தமிழில் பதிப்பித்திருந்தார். அச்சேறிப் பல வீடுகளுக்கும் பல நாடுகளுக்கும் சென்ற நூலை ஒரு நகரில் மூட்டிய தீயால் அழிக்க இயலாது. படியெடுக்கப்படாமல், அச்சேறாமல், ஒற்றையாய் இருந்த சுவடிகளே மீளாமல் மறைந்தன. அவற்றுள் இருந்தவை எவை என்று சொல்லக்கூட இன்று வழியில்லை.

எனவே, எஞ்சியவை அனைத்தும் முன்பே பிறர்க்குக் கொடுக்கப்பட்டவை. கொடுத்தது காப்பாயிற்று. வெளித்தோற்றத்தில் முரணாகத் தோன்றும் இவ்வுண்மை, நூலுலகில் மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்ட ஒன்றாகும்.

பேழையும் படியும்

உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்ற செய்தி தமிழாசிரியர்கள் அறிந்ததே. பாண்டியர் குடியினர் சேர்த்துவைத்திருந்த சுவடிகள் அங்கே இருந்தன. ஐயர் கேட்டபோது, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக விடை கிடைத்தது. அதனைத் தம் ‘என் சரித்திர’த்தில் அவர் மிகுந்த வேதனையோடு குறித்துள்ளார்.

ஏடுகளை எரித்தவர்கள் பகைவர் அல்லர், முரடரும் அல்லர். பயனற்றுப் போனதாகத் தாங்கள் கருதிய பொருளைத் தூய முறையில் அகற்றுவதாக எண்ணிய பக்தர்கள். ஏட்டின்மேல் அவர்களுக்கு மதிப்பு இருந்தது. மதிப்பு இருந்தமையால்தான் குப்பையில் எறியாமல் வேள்வித்தீயில் இட்டார்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றே. அவ்வேடுகளைப் படிக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. படிக்கப்படாத ஏடு, வைத்திருப்பவருக்கு முதலில் பொருளாகிறது, பிறகு சுமையாகிறது, கடைசியில் குப்பையாகிறது.

இதற்கு மறுதலையான சான்று ஒன்றை மலேசிய மண்ணிலேயே காணலாம். ஆந்தாம் தெ புரொவென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பெற்றது. தமிழ் வழங்கும் நிலங்களில் அந்நூலின் படி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உரோமை நகரின் வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி இருந்தது. தனிநாயக அடிகள் அதனை வெளிக்கொணர்ந்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வாயிலாக, கோலாலம்பூரில் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஒரு பேழையில் உறங்கிய நூல், இந்நாட்டில் மீண்டும் பிறந்து உலக நூலகங்களுக்கெல்லாம் சென்றது.

வத்திக்கான் நூலகம் காவாதிருந்தால் அடிகளுக்குக் கிடைத்திருக்க ஒன்றும் இல்லை. அடிகள் படியெடுத்துப் பரப்பாதிருந்தால், காத்ததன் பயன் தமிழுலகை அடைந்திருக்காது. காத்தலும் கொடுத்தலும் ஒன்றையொன்று முழுமையாக்கும் இரு கடமைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

‘படி’ என்னும் சொல்லைத் தமிழ் மாணவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். நூலின் நகலும் படியே. நீர்நிலைக்கு இறங்கும் வழியும் படியே. ‘நூலைப் படி’ என்று ஆசிரியர் ஏவும் ஏவலும் படியே. ஒரு நூல் வாழ்வதற்கு இம்மூன்று படியும் வேண்டும். நகல் எடுக்கப்பட வேண்டும். அதனிடம் செல்ல வழி இருக்க வேண்டும். சென்றவர் வாசிக்க வேண்டும்.

இரவல் என்னும் இழப்பு

இவ்வளவு கூறிய பின்னும், நூலைக் காப்பவரின் மறுப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. அதனைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. இரவல் கொடுத்த நூல் திரும்புவதில்லை. திரும்பினாலும் அட்டை கிழிந்து, பக்கம் மடிந்து, ஓரத்தில் மைக்கறை படிந்து திரும்புகிறது. பத்தாண்டுகள் கொடுத்துவந்த நூலகத்தில் பதினோராம் ஆண்டு கொடுக்க எதுவும் இராது. இந்த அச்சம் பொய்யன்று. நூலகப் பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரும் பட்டறிந்த உண்மை இது.

அரங்கநாதன் இம்மறுப்பை நன்கறிந்தவர். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராய் இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளுள் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்பதாகும். அவர் காப்பதை இகழவில்லை. வகைப்படுத்தலுக்கும் பட்டியலுக்கும் ஒழுங்கிற்கும் தம் வாழ்நாளையே செலவிட்டார். ஆனால் அவ்வொழுங்கு எதற்காக என்பதில் அவருக்கு மயக்கம் இல்லை. தேடி வருபவர் கையில் நூல் விரைவாகச் சேர்வதற்காகவே பட்டியல். கரை இருப்பது படித்துறைக்காகவே.

அதே 1931இல், மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. மேலவாசல் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் உருவான அவ்வண்டி, நூல்களைச் சுமந்து சிற்றூர் சிற்றூராகச் சென்றது. தொடக்கவிழாவில் அரங்கநாதனும் கலந்துகொண்டார். சேற்றிலும் வெயிலிலும் செல்லும் வண்டியில் நூல்களுக்குத் தேய்மானம் உண்டு என்பது அதை அனுப்பியவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தே அனுப்பினார்கள்.

இங்குதான் இருவகை இழப்புகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். வாசித்து வாசித்துத் தேய்ந்த நூல், தன் கடமையை முடித்துச் செல்கிறது. அது கொடுத்தது பல உள்ளங்களில் இருக்கிறது. பூட்டிய அலமாரியில் கரையான் அரித்த நூல், எவர்க்கும் எதையும் கொடாமல் செல்கிறது. முன்னது உழைத்து முதிர்ந்தவரின் மறைவு போன்றது. பின்னது பிறந்தும் வாழாத வாழ்வு போன்றது. இரண்டையும் ஒரே ‘இழப்பு’ என்னும் பத்தியில் எழுதுவது கணக்குக்குப் பொருந்தலாம், அறத்திற்குப் பொருந்தாது.

ஒற்றைச் சுவடிக்கும் அருநூலுக்கும் இவ்விதி அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. கிடைத்தற்கரிய படியை வண்டியில் ஏற்றி அனுப்புவது அறிவுடைமையாகாது. அதற்குரிய கொடை வேறு வகை: அதனைக் காத்து, அதன் படியைப் பரப்புதல். எதனை எவ்வாறு கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு. கொடுக்க வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

தோட்டப் பள்ளியின் அலமாரி

இனி, மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களை நோக்கலாம். ஜாசின், மெர்லிமாவ், புக்கிட் அசஹான், கெமெண்டோர், தெபோங், அலோர் காஜா, புலாவ் செபாங் என்று இரப்பர்க் காடுகளை ஒட்டித் தமிழர் வாழ்ந்த ஊர்களில், பேரேடும் பட்டியலும் கொண்ட பெரிய நூலகங்கள் இருந்ததில்லை. ஆயினும் வாசிப்பு இருந்தது. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1935இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகிய நாளிதழ்கள் தோட்டத்திற்கு வரும். பால்வெட்டு முடிந்து, குளித்து, உணவருந்திய பின், கோயில் முற்றத்திலோ லயத்துத் திண்ணையிலோ எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாதோர் சுற்றியமர்ந்து கேட்பர். ஒரு படி, ஐம்பது வாசகர். அரங்கநாதன் காண நேர்ந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

படிப்பகங்களும் இளைஞர் மன்றங்களும் தோட்டப் பள்ளிகளும் சிறுசிறு நூல்தொகுதிகளைச் சேர்த்தன. பின்னர் காலம் மாறியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் இருக்கின்றன. அவற்றுள் 21 பள்ளிகள் மலாக்கா மாநிலத்தவை. ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. மூடப்பட்ட பள்ளிகளின் அலமாரிகளில் இருந்த நூல்கள் எங்கே சென்றன? அவற்றை எவரும் எரிக்கவில்லை. எரித்திருந்தால் ஊர் திரண்டிருக்கும். கண்டனக் கூட்டம் நடந்திருக்கும். ஆண்டுதோறும் நினைவுநாள் வந்திருக்கும். மழையும் கரையானும் மறதியும் செய்த அழிவுக்கு நினைவுநாள் இல்லை.

பள்ளி நூலகத்தின் நடைமுறையில் உள்ள ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். நூல்களுக்கு இருப்புப் பதிவேடு உண்டு. ஆண்டிறுதியில் நூல்களை எண்ணிப் பார்க்கையில் ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர் விடை சொல்ல வேண்டும். ஆனால் ஆண்டு முழுதும் ஒரு மாணவன்கூட ஒரு நூலையும் தொடவில்லையாயின், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் எவரும் இலர். இம்முறையின்கீழ், அலமாரியைப் பூட்டிவைக்கும் ஆசிரியர் குற்றமற்றவர். திறந்துவைக்கும் ஆசிரியர் ஆபத்தை விலைக்கு வாங்குபவர். நல்லெண்ணம் கொண்ட ஆசிரியரையும் சாவிக்கு அடிமையாக்கும் முறை இது. பதிவேடு கரையை மட்டும் எண்ணுகிறது, படித்துறையை எண்ணுவதில்லை. இருப்பை எண்ணும் அதே மேசையில், எத்தனை நூல் எத்தனை கை மாறியது என்பதையும் எண்ணும் பழக்கம் வருமாயின், சாவியைப் பற்றிய அச்சம் பாதியாகக் குறையும்.

வீட்டு நூலகங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழாசிரியர் ஒருவர் நாற்பது ஆண்டுகள் வயிற்றைக் கட்டி வாங்கிச் சேர்த்த நூல்கள், அவர் மறைந்த ஆண்டிலேயே பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறுவதை ஊர்தோறும் காணலாம். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அந்நூல்களைப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்க்கும் பழக்கம் இல்லை. கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததே நெய்யும் வேள்வியும் இல்லாமல் நடக்கிறது. அந்த ஆசிரியர் உயிரோடிருந்த காலத்தில், ‘என் நூல், யாருக்கும் தாரேன்’ என்று காத்தவராயின், தம் நூல்களுக்கு வாரிசு தேடாமல் போனவர் அவரே. நூலுக்கு வாரிசு மகனல்லன், வாசகனே.

1960இல், தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் நிலைகுலைந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டும் மக்களின் சிறுசேமிப்புத் திரண்டு தோட்டங்களை விலைக்கு வாங்கியது. நிலத்தைக் காக்கச் சிறுதுளி சேர்த்த சமுதாயம், நூலைக் காக்க அவ்வாறு சேர இயலாது என்று கூறுவதற்கில்லை. நாட்டின் சட்டமும் துணைநிற்கிறது. 1972இல் தேசிய நூலகச் சட்டம் வந்தது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள், தமிழ் நூல்கள் உட்பட, தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். எழுதி வெளியிடுவோர் இக்கடமையைத் தவறாது செய்தால் கரை உறுதிப்படும். ஆனால் படித்துறையில் இறங்க வைக்கும் சட்டம் எந்நாட்டிலும் இல்லை. அது ஆசிரியரின் கையிலும் மாணவரின் காலிலும் இருக்கிறது.

வடுவும் வாயிலும்

யாழ்ப்பாணத்திற்கு மீண்டும் வருவது பொருத்தம். எரிந்த நூலகத்தின் ஒரு பகுதி சீரமைக்கப்பட்டு 1984இல் திறக்கப்பெற்றது. போரின் நடுவே மீண்டும் சிதைந்தது. 1998க்குப் பின் மறுசீரமைப்பு நடந்தபோது, தமிழரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவைக்க வேண்டும் என்றனர் ஒருசாரார். சுவருக்கு வெள்ளையடிப்பது குற்றத்திற்கு வெள்ளையடிப்பதாகிவிடும் என்பது அவர்தம் அச்சம். பிள்ளைகள் படிக்க நூலகம் வேண்டும். மீண்டும் எழுப்புவதே அழித்தவர்க்குத் தரும் மறுமொழி என்றனர் மறுசாரார்.

முதற்சாராரின் அச்சத்தை எளிதில் ஒதுக்க இயலாது. புதிய கட்டடம் நீதி ஆகாது. எரித்தவர் எவரும் விடை சொல்லாத நிலையில், வெண்மையான சுவர் மறதிக்குத் துணைபோகக்கூடும். ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. நடந்ததை அடுத்த தலைமுறைக்குச் சொல்வது எது? கரிந்த கல் அதனைச் சில காலம் சொல்லும். அக்கல் என்ன சொல்கிறது என்று எழுதிவைத்த நூலும், அந்நூலைப் படிக்கும் மாணவனும் இல்லையெனில், கல் வெறுங்கல்லாகிவிடும். வடுவை நினைவில் நிறுத்துவதற்கும் வாசகர் வேண்டும். 2004ஆம் ஆண்டளவில் நூலகத்தின் வாயில் மக்களுக்கு மீண்டும் திறந்தது. ஆண்டுதோறும் ஜூன் மாதத் தொடக்கத்தில் அத்தீயும் நினைவுகூரப்படுகிறது. வாயிலைத் திறந்ததால் வடு மறக்கப்படவில்லை.

இதனினும் ஆழ்ந்த மறுமொழியை இலங்கைத் தமிழர் வேறொரு வழியில் தந்தனர். 2005இல் தன்னார்வலர் சிலர் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக மின்படியாக்கி, உலகில் எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்தனர். ஒரே கட்டடத்தில் இருந்ததால் அழிந்தது என்னும் பட்டறிவு, எல்லா இடத்திலும் இருக்கச் செய்யும் முயற்சியாக மலர்ந்தது. செல்லப்பா தம் வீட்டுக் கதவைத் திறந்த அதே செயல், எழுபது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் நிகழ்ந்தது. மலாக்காவின் ஒரு தோட்டப் பள்ளி மாணவன், யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய நூலை இன்று தன் ஊரிலிருந்தே படிக்க இயலும். அதே முயற்சியை மலேசியத் தமிழ் நூல்களுக்கும் தோட்டப் பள்ளி மலர்களுக்கும் செய்வதற்குத் தடை ஏதும் இல்லை. செய்ய வேண்டும் என்னும் எண்ணமே தேவை.

காப்பது அறமா, கொடுப்பது அறமா என்னும் வினாவிற்கு இனி விடை கூறலாம். கொடுக்கும் பொருட்டுக் காப்பது அறம். கொடாமல் காப்பது, அழிவை ஒத்திவைத்தல் மட்டுமே. இவ்வறம் அரசுக்கும் நூலகர்க்கும் மட்டும் உரியதன்று. ஒரு நூலை வாங்குபவர்க்கு அதனைப் படிக்கும் கடமை உண்டு; படித்தவர்க்கு அடுத்தவர் கையில் சேர்க்கும் கடமை உண்டு; இரவல் பெற்றவர்க்குக் கெடாமல் திருப்பித் தரும் கடமை உண்டு. மூன்றாவது கடமையை மாணவர் செய்தால், சாவி வைத்திருக்கும் ஆசிரியரின் அச்சம் தானே நீங்கும்.

நூலக நூலின் பின்னட்டையில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும். நூலைத் திருப்பித் தர வேண்டிய நாள் அதில் முத்திரையாகப் பதியும். சில நூல்களில் அத்தாள் நிறைந்து, அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். சில நூல்களில் அது ஒரு முத்திரையும் இல்லாமல் வெறுமையாய் இருக்கும். பள்ளிக்கு வரும் பெரியோர், நூலகத்தில் எத்தனை நூல் உண்டு என்று தலைமையாசிரியரைக் கேட்பது வழக்கம். அலமாரியைத் திறக்கச் சொல்லி, ஒரு நூலை எடுத்து, அதன் பின்னட்டையைப் புரட்டிப் பார்ப்பாராயின், அந்த நூலகம் உயிரோடிருக்கிறதா என்பதை அவர் தாமே அறிந்துகொள்வார்.